கிரியேட்டினின் ஏறும் முன்பே: சிறுநீர்ப் புரத அறிக்கையைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் பெரும்பாலானோர் இரத்தத்தில் கிரியேட்டினின் (தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) பார்க்கிறார்கள். எண் இயல்பு வரம்புக்குள் இருந்தால் கோப்பை மூடி வைத்துவிடுகிறார்கள். அவசரப்பட்டு மூடுகிறார்கள் என்றுதான் சொல்வேன். வடிகட்டும் திறன் ஏறத்தாழப் பாதி போன பிறகும் கிரியேட்டினின் வரம்பைத் தாண்டாமல் இருக்கலாம். தசை குறைந்த முதியவர்களிடமும் மெலிந்தவர்களிடமும் இது இன்னும் சகஜம். நீரிழிவாலும் குளோமருலஸ் (சிறுநீரக வடிகட்டி) நோய்களாலும் வரும் பாதிப்பில், இரத்தம் எதையும் காட்டாத காலத்திலேயே சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கழியத் தொடங்கிவிடுகிறது.

ஆனால் அந்த ஆல்புமின் எண்ணும் ஏமாற்றும். காய்ச்சல் அடித்தால் ஏறும், ஓடிவிட்டு வந்தால் ஏறும், தண்ணீர் நிறையக் குடித்தால் சில பரிசோதனைகளில் காணாமலே போகும். எனவே எந்தப் பரிசோதனையைக் கேட்பது, மாதிரியை எப்படிக் கொடுப்பது, வந்த எண்ணை எதோடு சேர்த்துப் படிப்பது என்று வரிசையாகப் பார்ப்போம். சிகிச்சையை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் முன்னால் சரியான தாளை வைப்பதற்கு இது உதவும்.

முதலில், புரதம் எங்கிருந்து வருகிறது?

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்ப உறிஞ்சப்பட்டு, ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. வடிப்பு நடக்கும் இடம் குளோமருலஸ் என்ற நுண்குழாய் முடிச்சு. அதன் சுவரில் மூன்று அடுக்குகள் உண்டு: துளைகள் நிறைந்த உட்சுவர், அடித்தளச் சவ்வு, அதற்கு வெளியே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கும் போடோசைட் செல்களின் கால்கள். இரத்தத்தில் மிகுதியாக உள்ள புரதமான ஆல்புமின் சுமார் 66,000 டால்டன் எடை கொண்டது. அதன் பருமனாலும் எதிர்மின் சுமையாலும் இந்தச் சுவர் அதைப் பெருமளவு தடுத்து நிறுத்திவிடுகிறது. தப்பி வரும் கொஞ்சத்தையும் அடுத்துள்ள சிறுகுழாயின் செல்கள் மெகாலின், கியூபிலின் என்ற ஏற்பிகளால் பிடித்து உள்ளிழுத்துச் சிதைத்துவிடுகின்றன.

ஆகவே சிறுநீரில் புரதம் மிகுவதற்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. குளோமருலஸ் சுவர் கெட்டால் ஆல்புமின் கசியும். சிறுகுழாய்ச் செல்கள் கெட்டால், இயல்பாகவே வடிந்து வரும் சிறிய புரதங்கள் திரும்ப உறிஞ்சப்படாமல் வெளியேறும். மூன்றாவதில் சிறுநீரகத்தின் பிழை ஏதும் இல்லை. எலும்பு மஜ்ஜையில் தோன்றும் மைலோமா என்ற புற்றுநோய் போன்றவற்றில் இலகுச் சங்கிலிப் புரதங்கள் (நோயெதிர்ப்புப் புரதங்களின் துண்டுகள்) இரத்தத்தில் அளவுக்கு மீறிப் பெருகி, சிறுகுழாய் உறிஞ்சும் திறனையும் தாண்டி வழிந்துவிடும். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும்.

பூஜ்யத்தை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். நலமான சிறுநீரகமும் நாளொன்றுக்கு 150 மி.கி. வரை புரதம் கழிக்கும். அதில் பெரும்பங்கு யூரோமோடுலின் போலச் சிறுநீரகமே சுரப்பது. ஆல்புமினின் பங்கு 30 மி.கி.க்கும் குறைவு.

படி 1: சரியான பரிசோதனையைக் கேளுங்கள்

'சிறுநீர்ப் பரிசோதனை' என்று மட்டும் சொன்னால், நிறம் மாறும் பட்டையைச் சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைதான் பொதுவாக நடக்கும். அறிக்கையில் இல்லை, சுவடு, 1+, 2+, 3+ என்று வரும். பட்டையில் இருப்பது அமில காரத்தைக் காட்டும் ஒரு சாயம். புரதம் அதோடு ஒட்டும்போது மஞ்சள் பச்சையாகிறது. அது பெரும்பாலும் ஆல்புமினுக்குத்தான் மசியும், மற்றப் புரதங்களைக் கண்டுகொள்ளாது. மைலோமா நோயாளியின் சிறுநீரில் இலகுச் சங்கிலிகள் நிறைந்திருந்தாலும் பட்டை 'இல்லை' என்றே சொல்லலாம். சிறுநீர் மிகக் காரமாக இருந்தாலோ, குளோர்ஹெக்சிடின் போன்ற கிருமிநாசினி கலந்தாலோ இல்லாத புரதத்தை இருப்பதாகக் காட்டும்.

பெரிய குறை வேறொன்று. பட்டை அளப்பது செறிவை. 1+ என்றால் ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 30 மி.கி. நாளொன்றுக்கு 700 மில்லி சிறுநீர் கழிப்பவருக்கு அது 210 மி.கி. புரதம். 3 லிட்டர் கழிப்பவருக்கு 900 மி.கி. இருவர் தாளிலும் அதே 1+. மேலும், பாதிப்பின் தொடக்கக் கட்டத்தில் கழியும் ஆல்புமின் இந்தப் பட்டையின் கண்ணில் படாத அளவுக்குக் குறைவு. நீரிழிவு உள்ள ஒருவர் பட்டையில் 'இல்லை' என்று வந்ததை வைத்து ஆண்டுக்கணக்கில் நிம்மதியாக இருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கேட்க வேண்டியது சிறுநீர் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம். சுருக்கமாக ஏசிஆர். சில ஆய்வகங்கள் மைக்ரோஆல்புமின் என்ற பெயரில் செய்கின்றன. அப்படியானால் ஆல்புமினின் அளவு மட்டுமின்றி விகிதமும் அறிக்கையில் வருமா என்று முன்னதாகவே கேட்டுவிடுங்கள். மொத்தப் புரதத்தை அளக்கும் பிசிஆர் என்ற விகிதமும் உண்டு. குளோமருலஸ் நோய்களில் மருத்துவர்கள் அதை அதிகம் பயன்படுத்துகிறார்கள். தொடக்க நிலைக் கசிவைப் பிடிக்க ஏசிஆர்தான் கூர்மையானது.

நீரிழிவு உள்ளவர்கள், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், இதய நோயாளிகள், குடும்பத்தில் சிறுநீரகச் செயலிழப்பு வந்தவர்கள் ஆகியோர் இதைச் செய்துகொள்ள வேண்டும். இரண்டாம் வகை நீரிழிவில், நோய் கண்டுபிடிக்கப்பட்ட அன்றே தொடங்கி ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்கிறார்கள். முதல் வகையில் நோய் வந்து 5 ஆண்டுகள் கழித்துத் தொடங்குகிறார்கள்.

படி 2: மாதிரியைக் கெடுக்காமல் கொடுங்கள்

காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரே சிறந்தது. இரவு முழுவதும் படுத்திருந்ததால் நடமாட்டத்தின் பாதிப்பு அதில் இல்லை. இளவயதினர் சிலருக்கு நின்றுகொண்டிருக்கும்போது மட்டும் புரதம் கசியும், படுத்தால் நின்றுவிடும். இது தீங்கற்ற நிலை. பகல் மாதிரியில் புரதம் தெரிந்து காலை முதல் மாதிரியில் தெரியாவிட்டால் விடை அதுதான். தொடக்கத்தில் சிறிது விட்டுவிட்டு நடுப்பகுதியைச் சுத்தமான குப்பியில் பிடியுங்கள். ஆய்வகத்துக்கு உடனே கொடுக்க முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். உறைநிலைப் பகுதியில் வைக்கக் கூடாது, ஆல்புமின் படிந்து எண் குறைந்துவிடக்கூடும்.

கடும் உடற்பயிற்சி செய்த 24 மணி நேரத்துக்குள், காய்ச்சலின்போது, சிறுநீர்த் தொற்று இருக்கும்போது, மாதவிடாய் நாட்களில் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுங்கள். சர்க்கரையோ இரத்த அழுத்தமோ கட்டுக்கடங்காமல் ஏறியிருக்கும் சமயத்திலும், இதயச் செயலிழப்பு முற்றிய நிலையிலும் எண் உயரும். அப்போது வரும் ஏசிஆர் அந்தச் சமயத்து நிலையைக் காட்டுமே தவிர, சிறுநீரகத்தின் நிரந்தர நிலையைக் காட்டாது.

24 மணி நேரச் சேகரிப்பு இன்றும் சில சூழல்களில் தேவைப்படுகிறது. செய்யச் சொன்னால், காலை எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் வரும் ஒவ்வொரு துளியும், மறுநாள் அதே நேரத்தில் கழிப்பது உட்பட, பாத்திரத்தில் சேர வேண்டும். மலம் கழிக்கும்போது கூடவே போவதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். முழுமையாகச் சேகரித்தீர்களா என்று மருத்துவர் கண்டுபிடிப்பார். அதே சிறுநீரில் உள்ள கிரியேட்டினின் உங்கள் உடல் எடைக்குப் பொருந்தும் அளவில் இல்லையென்றால் ஏதோ விடுபட்டிருக்கிறது.

படி 3: விகிதம் என்ன சொல்கிறது?

ஓர் உதாரணக் கணக்கு. சிறுநீரில் ஆல்புமின் லிட்டருக்கு 45 மி.கி., கிரியேட்டினின் லிட்டருக்கு 0.6 கிராம். 45ஐ 0.6ஆல் வகுத்தால் 75. அதாவது ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 75 மி.கி. ஆல்புமின். இன்னொருவருக்கும் ஆல்புமின் அதே 45, ஆனால் தண்ணீர் குறைவாகக் குடித்ததால் சிறுநீர் அடர்ந்து கிரியேட்டினின் 2 கிராம். அவர் ஏசிஆர் 22.5. ஆல்புமினை மட்டும் பார்த்தால் இருவரும் ஒன்று. விகிதத்தில் முதலாமவர் பாதிப்புக் கட்டத்திலும் இரண்டாமவர் இயல்பிலும் இருக்கிறார்கள். நாளொன்றுக்குக் கழியும் கிரியேட்டினின் ஒருவருக்குப் பெரிதாக மாறுவதில்லை என்பதால்தான் அதை அளவுகோலாக வைக்கிறார்கள்.

உலக அளவில் சிறுநீரக மருத்துவர்கள் பின்பற்றும் கேடிகோ அமைப்பின் வழிகாட்டுதல் மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறது:

ஏ1: 30க்குக் கீழ். இயல்பு முதல் சற்றே மிகுதி வரை.
ஏ2: 30 முதல் 300 வரை. மிதமான உயர்வு.
ஏ3: 300க்கு மேல். கடுமையான உயர்வு.

இவை கிராமுக்கு மி.கி. என்ற அலகில். சில நாடுகளில் மில்லிமோலுக்கு மி.கி. என்று தருவார்கள். அங்கே எல்லைகள் 3, 30 ஆகும். ஏறத்தாழ 9ஆல் பெருக்கினால் முதல் அலகு கிடைக்கும். இணையத்தில் யாரோ சொன்ன எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடும் முன் அலகைப் பாருங்கள். பதற்றங்கள் பல இங்கேதான் பிறக்கின்றன.

விகிதத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு. கிரியேட்டினின் தசையிலிருந்து வருகிறது. தசை மெலிந்த முதியவரிடம் வகுக்கும் எண் சிறிதாவதால் ஏசிஆர் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். கட்டுமஸ்தான உடம்புக்காரரிடம் குறைவாகத் தெரியும். எல்லைக்கோட்டை ஒட்டிய எண் வரும்போது இதை மருத்துவரிடம் கேளுங்கள்.

படி 4: ஒரே எண்ணை நம்பாதீர்கள்

ஏசிஆர் நாளுக்கு நாள் ஊசலாடும். ஒருமுறை 30க்கு மேல் வந்தால் அடுத்த 3 முதல் 6 மாதங்களுக்குள் மறுபடி பார்க்க வேண்டும். மூன்றில் இரண்டு உயர்ந்திருந்தால்தான் நிலைத்த கசிவு என்று கொள்ளும் வழக்கம் இருக்கிறது. நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர் வைக்கவே பாதிப்பு 3 மாதங்களுக்கு மேல் நீடிக்க வேண்டும். இதற்கு விலக்கு ஒன்று. எண் ஆயிரக்கணக்கில் வந்தாலோ, வீக்கமோ சிறுநீரில் இரத்தமோ கூட இருந்தாலோ காத்திருக்கக் கூடாது.

நுரையைப் பற்றியும் இங்கே சொல்லிவிடலாம். அடங்காமல் நிற்கும் நுரை புரதக் கசிவின் அறிகுறியாக இருக்கலாம். வேகமாகக் கழித்தாலும் அடர்ந்த சிறுநீரானாலும் நுரைக்கும். நுரை இருந்தால் சோதியுங்கள். நுரை இல்லை என்பதற்காகச் சோதிக்காமல் விடாதீர்கள், ஏ2 கட்டத்தில் கண்ணுக்கு எதுவுமே தெரியாது.

படி 5: இஜிஎஃப்ஆர் உடன் சேர்த்து வையுங்கள்

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான படி இதுதான். இரத்தக் கிரியேட்டினின், வயது, பாலினம் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்படும் வடிகட்டும் வேகமே இஜிஎஃப்ஆர். 90க்கு மேல் முதல் நிலை, 60 முதல் 89 வரை இரண்டாம் நிலை, 45 முதல் 59 வரை 3ஏ, 30 முதல் 44 வரை 3பி, 15 முதல் 29 வரை நான்கு, 15க்குக் கீழ் ஐந்து. எவ்வளவு திறன் மிஞ்சியிருக்கிறது என்பதை இது சொல்கிறது. அந்தத் திறன் எவ்வளவு வேகமாகக் கரையக்கூடும் என்பதைச் சொல்வது சிறுநீர்ப் புரதம்.

இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் கேடிகோ ஒரு வண்ணக் கட்டத்தை வெளியிட்டிருக்கிறது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஆபத்து ஏறும். அதில் ஒரு விஷயம் பலரையும் திடுக்கிட வைக்கும். இஜிஎஃப்ஆர் 95, ஏசிஆர் 400 உள்ளவரும், இஜிஎஃப்ஆர் 40, ஏசிஆர் 10 உள்ளவரும் ஒரே ஆரஞ்சு நிறத்தில் நிற்கிறார்கள். முதலாமவரிடம் இரத்தப் பரிசோதனை மட்டும் செய்திருந்தால் 'எல்லாம் நலம்' என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

இஜிஎஃப்ஆர் 60க்குக் கீழே போனவர்களுக்கு வயது, பாலினம், இஜிஎஃப்ஆர், ஏசிஆர் என்ற நான்கையும் கொண்டு, 2 ஆண்டுகளிலும் 5 ஆண்டுகளிலும் டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்படும் வாய்ப்பைக் கணக்கிடும் சூத்திரம் 2011இல் வெளியானது. உங்கள் எண்களைப் போட்டு விளக்குமாறு மருத்துவரைக் கேட்கலாம். நாமே கணக்கிட்டு இரவெல்லாம் விழித்திருப்பதைவிட அது நல்லது.

புரதம் கசியாமலே திறன் குறையும் நோய்களும் உண்டு. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் பரம்பரையாக வரும் நோய், நீண்ட கால அடைப்பு, சிறுகுழாய்களைச் சுற்றிய திசுக்களின் அழற்சி ஆகியவை இந்த வகை. இரண்டாம் வகை நீரிழிவிலேயே ஆல்புமின் ஏறாமல் இஜிஎஃப்ஆர் சரியும் நோயாளிகள் உண்டு. ஏசிஆர் நன்றாக இருக்கிறது என்று இரத்தப் பரிசோதனையை விட்டுவிட முடியாது.

படி 6: போக்கைக் குறித்து வையுங்கள்

ஒரு தாளில் தேதி, ஏசிஆர், இஜிஎஃப்ஆர், இரத்த அழுத்தம், அப்போது சாப்பிட்ட மருந்து என்று ஐந்து பத்திகள் போடுங்கள். ஒருவர் தாளில் ஆண்டுக்கு ஒன்றாக ஏசிஆர் 18, 46, 110 என்றும் இஜிஎஃப்ஆர் 96, 94, 91 என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இஜிஎஃப்ஆர் அசையவே இல்லை என்று தோன்றும். ஏசிஆர் ஒவ்வொரு முறையும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. ஏசிஆர் இரட்டித்தாலே அது பரிசோதனையின் இயல்பான ஊசலாட்டத்தைத் தாண்டிய மாற்றம். 110 ஆனது 130 ஆனால் அதில் பெரிதாகப் படிக்க எதுவும் இல்லை. இஜிஎஃப்ஆர் 20 சதவீதத்துக்கு மேல் மாறினால் காரணம் தேட வேண்டும். முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் செய்யுங்கள்.

படி 7: ஏசிஆரும் பிசிஆரும் ஒத்துப்போகாவிட்டால்

பிசிஆர் நன்றாக உயர்ந்து ஏசிஆர் மட்டும் தாழ்ந்திருந்தால், கழிவது ஆல்புமின் அல்லாத வேறு புரதம். முன்பு சொன்ன இரண்டாம், மூன்றாம் வழிகளை நினைவுகூருங்கள். முதலில் மைலோமாவைத் தேடி, புரதங்களை மின்புலத்தில் பிரித்துப் பார்க்கும் எலக்ட்ரோஃபோரெசிஸ் சோதனையும் இலகுச் சங்கிலி அளவும் செய்வார்கள். அது இல்லையென்றால் சிறுகுழாய்ப் பாதிப்பு. அதற்குப் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின், ஆல்ஃபா-1 மைக்ரோகுளோபுலின், ரெட்டினால் பிணைப்புப் புரதம் ஆகியவை அடையாளங்கள். முதலாவது அமிலச் சிறுநீரில் சிதைந்துவிடும் என்பதால் மற்ற இரண்டும் நம்பகமானவை. காட்மியம் போன்ற உலோக நஞ்சு, டெனோஃபோவிர் போன்ற சில மருந்துகள், பரம்பரைக் குறைபாடுகள் ஆகியவை இந்த வகையில் சேரும்.

புதிய அடையாளங்களைப் பற்றி நிறையப் பேச்சு அடிபடுகிறது. என்ஜிஏஎல், கிம்-1 என்ற புரதங்கள் இரண்டும் சிறுகுழாய்ச் செல்கள் காயப்படும்போது சிறுநீரில் ஏறுகின்றன. ஆனால் என்ஜிஏஎல் சிறுநீர்த் தொற்றிலும் ஏறும். டிம்ப்-2, ஐஜிஎஃப்பிபி7 என்ற இரண்டையும் சேர்த்து அளக்கும் சோதனைக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2014இல் ஒப்புதல் அளித்தது. அது தீவிர சிகிச்சையில் இருப்பவர்களின் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பை முன்கூட்டி அறியத்தான். சிறுநீரில் 273 சிறு புரதத் துண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும் சிகேடி273 என்ற முறையும் ஆய்வுகளில் இருக்கிறது. இவற்றில் எதுவும் அன்றாட மருத்துவத்தில் ஏசிஆரின் இடத்தைப் பிடிக்கவில்லை. விளம்பரத்தைப் பார்த்து இவற்றுக்குச் செலவழிக்கும் முன், ஏசிஆரை இரண்டாம் முறை செய்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

படி 8: எண் உயர்ந்தது உறுதியானால்

முதலில் காரணம். நீரிழிவு இருக்கிறது என்பதாலேயே கசிவுக்கு நீரிழிவுதான் காரணம் என்று முடிவு கட்டக் கூடாது. சிறுநீரில் சிவப்பணுக்கள், திடீரென்று ஏறிய புரதம், சில மாதங்களிலேயே சரிந்த இஜிஎஃப்ஆர் போன்றவை வேறு நோயைச் சுட்டும். சில சமயம் திசு எடுத்துப் பார்க்க நேரும்.

பின்பு சிகிச்சை. புரதத்தைக் குறைக்கும் மருந்துகளே சிறுநீரகத்தையும் காக்கின்றன என்பதற்குச் சான்றுகள் உறுதியானவை. இரத்த அழுத்த மருந்துகளில், 1993இல் முதல் வகை நீரிழிவில் கேப்டோப்ரிலும், 2001இல் இரண்டாம் வகையில் லோசார்ட்டான், இர்பெசார்ட்டான் ஆகியவையும் இதைக் காட்டின. சர்க்கரை மருந்துகளில், 2019இல் கனாகிளிஃப்ளோசினும் 2020இல் டாபாகிளிஃப்ளோசினும் சேர்ந்தன. டாபாகிளிஃப்ளோசின் நீரிழிவு இல்லாதவர்களிடமும் பலித்தது. ஏசிஆர் 300க்கு மேல் இருந்த நீரிழிவாளர்களிடம் அதை 30 சதவீதமாவது குறைப்பதை இலக்காக வைக்கிறார்கள்.

இந்த மருந்துகளைத் தொடங்கியதும் கிரியேட்டினின் சற்று ஏறுவது எதிர்பார்க்கக்கூடியது. குளோமருலஸுக்குள் இருந்த அழுத்தம் தளர்வதன் விளைவு அது. கேப்டோப்ரில், லோசார்ட்டான் வகை மருந்துகளில் முதல் 4 வாரங்களுக்குள் 30 சதவீதம் வரையான உயர்வைப் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். பொட்டாசியத்தையும் கூடவே பார்ப்பார்கள். எண் ஏறிவிட்டது என்று பயந்து, கேட்காமலே மருந்தை நிறுத்துபவர்கள் உண்டு. அதனால் இழப்பது அதிகம். கேப்டோப்ரில் வகையையும் லோசார்ட்டான் வகையையும் சேர்த்துச் சாப்பிடுவது தவிர்க்கப்படுகிறது. கர்ப்பத்தில் இரண்டுமே கூடாது.

உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழ் இருந்தால் மருந்தின் பலன் கூடும். புகையிலையை விட்டுவிடுங்கள். வலி மாத்திரைகளைத் தானாக வாங்கித் தொடர்ந்து சாப்பிடும் பழக்கத்தையும் விட வேண்டும். சிறுநீரில் புரதம் போகிறது என்பதற்காக அதை ஈடுகட்டப் புரத மாவு சாப்பிடுவது தலைகீழான வைத்தியம். கிலோ உடல் எடைக்கு 0.8 கிராம் அளவில் நிறுத்துவதே பொதுப் பரிந்துரை. குழந்தைகளுக்கும் உடல் மெலிந்தவர்களுக்கும் இது பொருந்தாது.

ஏசிஆர் தொடர்ந்து 300க்கு மேல் நின்றாலோ, இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே போனாலோ சிறுநீரக நிபுணரிடம் போக வேண்டும். கண்களைச் சுற்றியும் கால்களிலும் வீக்கம் வந்து, நாளொன்றுக்கு 3.5 கிராமுக்கு மேல் புரதம் கழிந்தால் அது நெஃப்ரோடிக் நிலை. இரத்தம் உறையும் ஆபத்தும் அதில் உண்டு. சிறுநீர் கோலா நிறத்தில் போவது, சிறுநீரின் அளவு சட்டென்று குறைவது, கர்ப்பத்தின் 20ஆம் வாரத்துக்குப் பிறகு இரத்த அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் சேர்ந்து ஏறுவது ஆகியவற்றில் அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பழைய அறிக்கைகளையும் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.